சேலை வேண்டாம், தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மருமகளுக்கு வலி சற்று அடங்கி, இரவில் தூங்குகிறாள் என்று படித்ததில் இங்கே எல்லோருக்கும் நிம்மதி. வீட்டுக்கே வந்து அவளைப் பார்த்துவிட்டுப் போகும் செவிலியருக்கு ஒரு நல்ல சேலையும் கையில் கொஞ்சம் பணமும் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தாய். கொடுக்காதே என்பதுதான் என் பதில். அரசுத் திட்டத்தில் வேலை செய்கிறவர் நோயாளி வீட்டில் பரிசு வாங்கினால் சங்கடம் அவருக்குத்தான். அடுத்து அவர் போகும் வீட்டில் கொடுக்க வழியில்லாதவர்கள் கூசிப்போவார்கள். இதைவிடப் பெரிய காரணமும் உண்டு. சேலையைக் கொடுத்த மறுநிமிடம் கணக்குத் தீர்ந்துவிட்டதாக மனசு ஆறிவிடும். இந்தக் கடன் அப்படித் தீரக்கூடாது. நோயாளி படுத்திருக்கும் வரையிலும், அதற்குப் பின்னும், அது உன்னை வேலை வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

அவர் செய்வது என்ன என்று முதலில் சரியாகப் பார். புண்ணைத் துடைத்தார், குழாயை மாற்றினார், போனார் என்றுதான் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியும். வலியைப் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஒரு எண்ணாகச் சொல்லச் சொல்வது, மலம் போயிற்றா என்று கூச்சமில்லாமல் கேட்பது, குதிகாலையும் இடுப்பின் அடியையும் தடவிப் பார்ப்பது எல்லாம் பேச்சுவாக்கில் நடப்பதுபோல இருக்கும். ஆனால் தொழில் அதில்தான் இருக்கிறது. படுக்கைப் புண்ணின் தொடக்கம் தோல் சிவப்பது என்று புத்தகத்தில் எழுதியிருக்கும். நம் நிறத்தில் சிவப்பு எங்கே தெரியும்? அந்த இடம் கருத்து, சூடாக, தொட்டால் கெட்டியாக இருக்கலாம். அதை விரலால் கண்டுபிடிக்க உனக்குச் சொல்லிக்கொடுத்திருப்பாரே, அந்தப் பாடத்துக்கு விலை கிடையாது. அவர் உன் வீட்டில் இருப்பது அதிகம் போனால் ஒரு மணி நேரம். மிச்ச நேரமெல்லாம் செவிலியர் நீதான். இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்கவைக்கச் சொன்னதை, இரவில் அலுப்பாக இருக்கிறதென்று விட்டுவிட்டுக் காலையில் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டால் அது நன்றியில் சேராது. வள்ளுவர் மருத்துவத்தை நான்காகப் பிரித்தபோது நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு, அருகிலிருந்து மருந்து கொடுப்பவரையும் ஒரு பங்காக வைத்தார். அந்தப் பங்கில் இப்போது நீயும் அந்தச் செவிலியரும் இருக்கிறீர்கள்.

மார்ஃபின் மாத்திரை விஷயத்தில் உன் மாமியார் பயப்படுவதாக எழுதியிருந்தாய். போதைக்கு அடிமையாகிவிடுவாளோ என்ற அந்தப் பயம் நாடு முழுக்க இருந்த பயம்தான். 1985இல் வந்த போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியில், அபினைச் சட்டப்படி பயிரிட்டு வெளிநாட்டுக்கு விற்கும் இந்த நாட்டிலேயே, புற்றுநோயாளிக்கு மார்ஃபின் கிடைப்பது அரிதாகிப்போனது. கேரளத்து மருத்துவர் எம்.ஆர். ராஜகோபாலைப் போன்றவர்கள் ஆண்டுக்கணக்கில் வாதாடிய பிறகு 2014இல்தான் சட்டம் திருத்தப்பட்டது. கடும் வலிக்கு டாக்டர் அளந்து எழுதி, கண்காணித்துக் கொடுக்கும் மார்ஃபின் வேறு, போதைக்குத் தேடிப் போவது வேறு. வலி வந்த பிறகு துரத்தாமல், வரும் முன்னே வேளை தவறாமல் கொடு என்பது உலக சுகாதார நிறுவனம் 1986லேயே சொன்ன முறை. மலச்சிக்கல் வரும், அதற்கும் மருந்து உண்டு. அதனால்தான் மலம் போயிற்றா என்ற கேள்வியைச் செவிலியர் விடாமல் கேட்கிறார். இவ்வளவு பாடுபட்டு வீடுவரை வந்த மாத்திரையை, தாங்க முடியாதபோது மட்டும் கொடுக்கலாம் என்று அலமாரியில் பூட்டிவைப்பதுதான் நன்றிகேடு.

உறவுக்காரர்கள் இன்னொன்றும் சொல்வார்கள்: நர்ஸ் வீட்டுக்கு வர ஆரம்பித்தாலே ஆஸ்பத்திரி கைவிட்டுவிட்டது என்று அர்த்தம் என்பார்கள். அமெரிக்காவில் முற்றிய நுரையீரல் புற்றுநோய்க்காரர்கள் 151 பேரிடம் நடத்திய ஆய்வொன்று 2010இல் வெளியானது. வழக்கமான சிகிச்சையோடு, வலியையும் அவதியையும் தணிக்கும் ஆதரவு சிகிச்சையையும் தொடக்கத்திலேயே பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 11.6 மாதம்; பெறாதவர்களுக்கு 8.9 மாதம். அது மருத்துவமனையில் நடந்தது, ஒரே ஒரு நோயைப் பற்றியது. அதை வைத்து மருமகளுக்கு நாள் கணக்குப் போட முடியாது. ஆனால் வலியைத் தணிப்பது சாவை அழைப்பது என்ற பேச்சுக்கு அந்த ஒரு ஆய்வே போதுமான பதில்.

சம்பளம் வாங்குகிறார், கடமையைச் செய்கிறார், நன்றி எதற்கு என்பாரும் உண்டு. சம்பளம் அவருடைய நேரத்துக்கு. மருமகளின் முகத்தைப் பார்த்துப் பேசுவதையும், நீ தூங்கினாயா என்று உன்னைக் கேட்பதையும் எந்தச் சம்பளப் பட்டியலிலும் எழுத முடியாது. ஆனால் அதே மூச்சில் அவரைத் தெய்வம் என்று சொல்லிவிடாதே. தெய்வத்துக்குப் பெட்ரோல் செலவு கிடையாது, நிரந்தர வேலையும் தேவையில்லை. இந்தப் பணியில் பலர் ஒப்பந்தத்தில், தொகுப்பூதியத்தில் இருக்கிறார்கள். தெய்வமாக்கிவிட்டால் அதைப் பற்றி யாரும் பேச வேண்டியதில்லை, அது ஒரு சௌகரியம்.

பிறகு என்னதான் செய்வது என்று கேட்பாய். இங்கிலாந்தின் லிவர்பூலில் வில்லியம் ராத்போன் என்ற வணிகர் இருந்தார். 1859இல் அவர் மனைவி வீட்டிலேயே இறந்தார். கடைசிவரை பார்த்துக்கொண்டவர் மேரி ராபின்சன் என்ற செவிலியர். பணக்கார வீட்டுக்கே இப்படி ஒருவர் இல்லாவிட்டால் தாங்க முடியாது என்றால் ஏழை வீட்டில் என்ன ஆகும் என்று ராத்போன் யோசித்தார். அதே மேரியைச் சம்பளம் கொடுத்து, ஏழைகளின் வீடுகளுக்கு மூன்று மாதம் அனுப்பினார். அங்கே கண்ட கொடுமை தாளாமல் மேரி பாதியிலேயே திரும்பி வந்து, முடியாது என்றார். ராத்போன் சமாதானப்படுத்தி மறுபடி அனுப்பினார். பயிற்சி பெற்ற செவிலியர் போதவில்லை என்றதும் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேலிடம் யோசனை கேட்டு, 1862இல் பயிற்சிப் பள்ளியே தொடங்கினார். வீடு தேடி வரும் செவிலியர் பணி அந்த நாட்டில் அமைப்பாக உருவெடுத்தது இப்படித்தான்.

நான் வணிகனா என்று நீ சொல்லலாம். கேரளத்தில் வீடு தேடிப் போய் நோயாளியைப் பார்க்கும் இந்த வேலையைத் தாங்கிப் பிடித்தவர்களில் பெரும்பாலோர் அக்கம்பக்கத்துத் தொண்டர்கள். அங்கே அரசு இதற்கென்று கொள்கை வகுத்தது 2008இல், அதற்குப் பல ஆண்டுகள் முன்பே அவர்கள் வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தார்கள். நம் தமிழ்நாட்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. திட்டம் இருக்கிறது, அது உன் தெருவின் கடைசி வீட்டுக்கும் போகிறதா என்பதைக் கவனிக்க ஆள் வேண்டும். உன் கையில் இப்போது நேரம் இல்லை, தெரியும். ஆனாலும் ஒரு கடிதம் எழுதலாம். வட்டார மருத்துவ அலுவலருக்கும் மாவட்ட சுகாதார அலுவலருக்கும், அந்தச் செவிலியர் எதை எதைச் செய்தார், அதனால் நோயாளிக்கு என்ன மாறியது என்று விவரமாக எழுது. புகழ்மாலை வேண்டாம். எத்தனை வீடுகளுக்கு அவர் ஒருவரே போகிறார் என்று விசாரித்து அதையும் சேர். புகார்கள் குவியும் அலுவலகத்தில் இப்படி ஒரு தாள் அவருக்குப் பயன்படும். பிறகு நேரம் வாய்க்கும்போது கிராம சபையிலும் இதையே எழுந்து சொல்.

வெயிலில் வருகிறவருக்கு மோர் கொடு, அதற்கு எந்த விதியும் குறுக்கே நிற்காது. கடிதத்தை இந்த வாரமே எழுதி, எனக்கும் ஒரு நகல் அனுப்பு. மருமகளுக்கு எங்கள் அன்பைச் சொல்.

உன் சித்தப்பா