மக்காச்சோளம் தின்னும் கிடாவுக்கு மஞ்சளா, கருவேல நெத்தா?

ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் 2021-இல் அறிவிக்கப்பட்டது. காப்பகக் காட்டுக்குள் ஆட்டை ஓட்ட முடியாது. இந்த நிலையில் கன்னி ஆட்டினக் கிடாக்களைக் கொட்டிலில் கட்டி, உள்ளூர் மக்காச்சோளத்தைப் போட்டுத் தேற்ற நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்.

மக்காச்சோளத்தின் மாவுச்சத்து அசையூண் வயிற்றில் வேகமாகப் புளிக்கும். கார அமில அளவு (pH) 5.5-க்குக் கீழே இறங்கினால் நல்ல நுண்ணுயிர்கள் சாகும். அவை செத்து வெளிவிடும் நச்சு, அமிலத்தில் வெந்த வயிற்றுச் சுவர் வழியாக இரத்தத்தில் கலந்து ஈரல், குளம்பு வரை அழற்சியைக் கொண்டுபோகும். புழுக்கை உருண்டையாக விழாமல், குழைந்து புளிச்ச வாடை அடிப்பது இதன் அறிகுறி. இந்தப் புளிப்பையும் அழற்சியையும் தணிக்க என்ன கொடுக்கலாம்?

கருவேல நெத்து: கோடையில் கண்மாய்க்குள் உதிர்வது, செலவு பொறுக்கும் கூலிதான். இதிலுள்ள டானின் புரதத்தைப் பிடித்துவைத்துக் குடலுக்கு அனுப்பும். குடற்புழுவையும் ஓரளவு அடக்கும். மொத்தத் தீனியில் டானின் 2 முதல் 4 சதவீதம் இருந்தால் நல்லது. அதற்கு மேல் போனால் தீனி எடுப்பதும் செரிப்பதும் குறையும். சீமைக்கருவேல நெத்தை இதற்கு ஈடாக நினைக்காதீர்கள். அது சர்க்கரை மிகுந்தது. தானியத்தோடு சேர்ந்தால் புளிப்பைக் கூட்டும். நெடுநாள் அதையே தின்ற ஆட்டுக்குத் தாடை நரம்பும் கெடும்.

முருங்கைக் குழை: உலர்ந்த இலையில் ஏறக்குறைய கால் பங்கு புரதம். பிண்ணாக்குச் செலவு குறையும். குச்சியோடு கட்டித் தொங்கவிட்டால் ஆடு மென்று உமிழ்நீர் சுரக்கும். அந்த உமிழ்நீரே அமிலத்தை முறிக்கும்.

மஞ்சள்: அழற்சியைத் தணிக்கும் குர்குமின் இதில் சுமார் 3 சதவீதம்தான், அதுவும் இரத்தத்தில் அதிகம் ஏறாது, குடலளவில்தான் வேலை செய்யும். வாங்கினால் விரலி மஞ்சளாக வாங்கி அரைத்துக்கொள்ளுங்கள். கடைத்தூளில் சாயக் கலப்பு இருக்கலாம்.

பூண்டு: செரிமானத்துக்கு நல்லது. கறவை ஆட்டுக்குக் கொடுத்தால் பாலில் வாடை ஏறும். அளவு மிஞ்சினால் இரத்தச் சிவப்பணு சிதையும்.

மூலிகை டானிக்: என்ன மூலிகை, எவ்வளவு என்று புட்டியில் எழுதியிருந்தால் மட்டும் யோசியுங்கள். விலையோ அதிகம்.

எதைக் கொடுத்தாலும் அடிப்படை ஒன்றுதான். மக்காச்சோளத்தை மாவாக்காமல் ஒன்றிரண்டாக உடையுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் படிப்படியாகக் கூட்டுங்கள். வைக்கோலோ தட்டையோ தின்ற பிறகு, இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். தானியம் மிகுந்தாலும் வரக்கூடிய துள்ளுமாரி நோய்க்கான தடுப்பூசியை மழைக்கு முன்பே போட்டுவிடுங்கள்.

என் முடிவு இது: கையில் கொஞ்சம் காசு இருந்தால் முதலில் முருங்கை நடுங்கள், கருவேல நெத்து சேமியுங்கள். மஞ்சள் அதற்கு மேல்தான். டானிக் கடைசி. ஆடு மூட்டையை அவிழ்த்துத் தானியத்தை வயிறு முட்டத் தின்றுவிட்டால் எந்த மூலிகையையும் நம்பிக் காத்திருக்க வேண்டாம். அந்த நிமிடமே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.