போர்டில் நிற்கும் யானை

ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில், ராமகுப்பம் பக்கம் நான்கு ஏக்கர் மாந்தோப்பு, பின்னால் குன்று. ஆறு கூடாரம் போட்டு, உள்ளே கட்டில், மெத்தை, தனிக் குளியலறை வைத்துவிட்டால் கிளாம்பிங். பெங்களூர்க்காரர்கள் வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளம்பினால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வந்துவிடலாம். இதுவரை கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. 'பிராண்ட்' என்ற பேச்சு எடுத்ததும்தான் ஆளுக்கொரு நம்பிக்கை முளைக்கிறது.

நம்பிக்கை: காட்டோரம் என்றால் பெயரிலும் போர்டிலும் யானை இருக்க வேண்டும்.

முதலில் வருவது இதுதான், ஆபத்தானதும் இதுதான். சித்தூர் மாவட்டத்து கௌண்டின்யா சரணாலயம் 1990-ல் அறிவிக்கப்பட்டது. பரப்பு சுமார் 357 சதுர கிலோமீட்டர். பல தலைமுறைகளாக யானையே இல்லாதிருந்த இந்த மலைகளுக்கு 1980-களில் தமிழகம், கர்நாடகக் காடுகளிலிருந்து யானைகள் வந்து சேர்ந்தன. வந்தவை காட்டுக்குள்ளேயே நின்றுவிடவில்லை. நெல், ராகி, கரும்பு, வாழை எதுவும் மிஞ்சுவதில்லை. யானைகளைத் திருப்பி விரட்ட ராமகுப்பம் மண்டலத்தின் நன்னியால முகாமில் வனத்துறை பழக்கிய கும்கி யானைகளை வைத்துப் பராமரித்து வந்தது.

இந்த ஊரில் சிரிக்கிற யானை படம் போட்ட போர்டை நட்டால் அதை முதலில் படிப்பவர் விருந்தாளி அல்ல. ராத்திரி முழுக்கப் பட்டாசோடு கொல்லையில் விழித்திருந்துவிட்டுக் காலையில் வீடு திரும்பும் பக்கத்து நிலத்துக்காரர். உங்கள் விருந்தாளியின் டிரைவர் நாளைக்கு அவரிடம்தான் வழி கேட்பார். அவர் என்ன பதில் சொல்வார் என்பதும் உங்கள் பிராண்டில் சேர்ந்ததுதான். எந்த டிசைனரும் அதை வரைந்து தர முடியாது.

இன்னொரு பக்கமும் உண்டு. பெயரில் யானை இருந்தால் யானையைக் காட்டுவதாக வாக்குக் கொடுத்தாகிவிட்டது. யானை வராவிட்டால் விருந்தாளி ஒற்றை நட்சத்திரம் போடுவார். வந்துவிட்டால்? 2021 ஜனவரியில் வயநாடு மேப்பாடியில் ஒரு ரிசார்ட்டின் கூடாரத்தில் தங்கவந்த ஆசிரியை ஒருவர் யானை தாக்கி இறந்தார். அதே மாதம் நீலகிரி மசினகுடியில், விடுதிப் பகுதிக்குள் வந்த யானைமீது எரியும் டயரை வீசினார்கள். காயம்பட்ட யானை செத்துப்போனது. அந்த வீடியோ நாடு முழுக்கச் சுற்றியது. சில மாதங்களுக்கு முன்புதான், 2020 அக்டோபரில், நீலகிரி யானை வழித்தடத்தை உறுதிசெய்து உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. வழித்தடத்தில் இருந்த ரிசார்ட்டுகள் இடத்தைக் காலி செய்ய வேண்டும் என்பது அதன் பொருள். அவற்றில் எத்தனையோ விடுதிகள் யானையைச் சொல்லியே ஆள் சேர்த்தவை.

ஆகவே ராமகுப்பத்தில் லோகோவுக்கு முன்னால் கேட்க வேண்டியது, இந்தத் தோப்பு யானை நடமாடும் பாதையில் இருக்கிறதா என்பது. வனத்துறைக்காரரையும் கேளுங்கள், ஊர்ப் பெரியவரையும் கேளுங்கள். ஆமாம் என்றால் பெயரைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், வேறு நிலம் பாருங்கள். இல்லை என்றாலும் சமையலறைக் கழிவைத் திறந்தவெளியில் கொட்டாதீர்கள்; பழுத்து விழும் பலாவையும் மாம்பழத்தையும் அன்றன்றே பொறுக்கிவிடுங்கள்.

நம்பிக்கை: கபினி மாதிரி செய்தால் கபினி மாதிரி ஓடும்.

கர்நாடகத்து வனவிடுதியான கபினியின் பெயர் கூடாரத்தால் வந்ததல்ல. கர்நாடக அரசு 1980-ல் நேபாளத்தின் டைகர் டாப்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து ஜங்கிள் லாட்ஜஸைத் தொடங்கியது. மைசூர் மகாராஜாவின் பழைய வேட்டை மாளிகை இருந்த காரப்பூரில் கபினி ரிவர் லாட்ஜ் எழுந்தது. கர்னல் ஜான் வேக்ஃபீல்ட் அங்கேயே வாழ்ந்து அதற்கு முகமாக இருந்தார். காட்டைப் படித்துச் சொல்லத் தெரிந்த ஆட்களும், அரசு நிறுவனம் என்பதால் கிடைத்த சஃபாரியும்தான் அங்கே சரக்கு. (நம்மூரில் லாட்ஜ் என்றால் பஸ் ஸ்டாண்ட் எதிரில் இருப்பது, அந்தச் சொல்லை வைத்துக்கொண்டே அவர்கள் ஜெயித்தார்கள்.) 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள் அனுமதியில்லாமல் கால் வைக்க முடியாது. ஆகவே தனியார் தோப்பு முதலாளி விளம்பரத்தில் 'சஃபாரி' என்று போட்டால், கையில் இல்லாததை விற்கிறார்.

கையில் இருப்பது என்ன? மாந்தோப்பு, மல்பெரித் தோட்டம், நிலக்கடலைக் கொல்லை. ராகி சங்கடியும் நாட்டுக்கோழிப் புலுசும். எல்லைக்குத் தமிழ்நாட்டுப் பக்கத்தார் களி என்பார்கள், விருந்தாளிக்கு இரண்டு பெயரும் சொல்லலாம். நந்திமலைப் பக்கம் பிறந்து இந்த வட்டாரம் வழியாகத் தமிழ்நாட்டுக்குப் போகும் பாலாறு. ஒரே டீக்கடையில் தெலுங்கு, தமிழ், கன்னடம் மூன்றும் கேட்கும் எல்லை ஊர். பட்டுப்புழு தழை தின்னும் சத்தத்தைக் குழந்தைகள் காது கொடுத்துக் கேட்க ஓர் ஏற்பாடு செய்தால் போதும், எந்தக் கபினியும் அதைத் தராது. யானை வரும், வராது. ராகி சங்கடி தினமும் வரும்.

நம்பிக்கை: முதலில் லோகோ.

கடைசியில் லோகோ. விருந்தாளி ஞாபகம் வைத்துக்கொள்வது குளியலறையில் வெந்நீர் வந்ததா, போனை யார் எப்படி எடுத்தார்கள், மேப்பில் காட்டிய இடத்தில் கேட் இருந்ததா என்பதைத்தான். மேப் என்றதும் ஒன்று: கூகுளில் கடைப் பெயரோடு 'பெஸ்ட் ரிசார்ட் நியர் பெங்களூரு' என்று வால் ஒட்டுவது அவர்கள் விதிக்கு எதிரானது; பக்கத்தையே முடக்கிவிடுவார்கள். போர்டில் என்ன பெயரோ, மேப்பிலும் அதே பெயர்.

நம்பிக்கை: பெயர் தப்பாகிவிட்டால் தொழில் போச்சு.

கொச்சி வில்லிங்டன் தீவில் காசினோ ஹோட்டல் என்று ஒன்று. அதை வைத்து வளர்ந்த குழுமம் காசினோ குரூப் ஆஃப் ஹோட்டல்ஸ். பிறகு இயற்கையோடு ஒட்டிய விடுதிகள் பக்கம் போனபோது சூதாட்ட விடுதி வாடை அடிக்கும் அந்தப் பெயரை என்ன செய்வது? முதலெழுத்துகளை மட்டும் வைத்துக்கொண்டு சிஜிஎச் எர்த் ஆனார்கள். சிஜிஎச் என்றால் இப்போது க்ளீன், கிரீன், ஹெல்தி. குமரகத்தில் பழைய தறவாட்டு வீடுகளைப் பிரித்து வந்து கட்டிய கோக்கனட் லகூனைப் பார்த்தவர் யாரும் காசினோவை நினைப்பதில்லை.

நம்பிக்கை: 'திருப்பதி', 'கோவிந்தா' சேர்த்தால் பக்தர்கள் வருவார்கள், ஜிஎஸ்டி எடுத்தால் பெயர் நமக்குச் சொந்தம்.

ராமகுப்பத்திலிருந்து திருப்பதி நூறு கிலோமீட்டருக்கும் மேல். மலைக்குப் போகிற குடும்பம் பலமனேர் தாண்டி உங்கள் கூடாரத்தைத் தேடி வராது. சட்டமும் துணைக்கு வராது. ஊதுவத்திக்கு 'ராமாயண்' என்ற பெயரைத் தனியுரிமையாகக் கேட்ட வழக்கில், புனித நூலின் பெயரை ஒருவர் மட்டும் வணிகச் சின்னமாகச் சொந்தம் கொண்டாட முடியாது என்று 2015-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வெறும் ஊர்ப்பெயரும், 'லக்சுரி டென்ட்ஸ்' மாதிரி சரக்கை வர்ணிக்கும் சொல்லும் 1999-ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டத்தின் 9-ஆம் பிரிவில் பொதுவாகத் தடுக்கப்படும்.

ஜிஎஸ்டி வரிக்கான எண், அவ்வளவுதான். பெயருக்கு வணிகச் சின்னப் பதிவுதான் வழி: தங்குமிடம், சாப்பாட்டுத் தொழில் 43-ஆம் வகுப்பு. இணையத்தில் விண்ணப்பித்தால் தனிநபருக்கும் உத்யம் சான்றிதழ் உள்ள சிறுதொழிலுக்கும் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000. வணிகச் சின்ன இதழில் வெளியானபின் நான்கு மாதம் யார் வேண்டுமானாலும் ஆட்சேபிக்கலாம். பதிவானால் பத்தாண்டு, பிறகு புதுப்பிக்கலாம். பதிவாகும்வரை போர்டில் டிஎம் என்று போட்டுக்கொள்ளலாம். அதற்கு முன்பே வட்டத்துக்குள் ஆர் போடுவது சட்டமீறல்.