தலைதட்டி ஒரு கப்: வைப்பின் சமையலறைக்கு அளவுக் கப் வாங்குமுன்

டிசம்பர் பிறந்துவிட்டால் கொச்சியை ஒட்டிய வைப்பின் தீவு வீடுகளில் கேக் குறிப்புகள் வாட்ஸ்அப்பில் வந்து விழத் தொடங்கும். மெல்போர்னில் நர்ஸாக இருக்கும் நாத்தனார் ஒன்று அனுப்புவார். நியூ ஜெர்சியிலிருந்து சித்தி மகள் இன்னொன்று. பக்கத்து வீட்டு அம்மச்சி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று வாயாலேயே மூன்றாவதைச் சொல்லிவிடுவார். மூன்றிலும் மைதா இரண்டு கப்தான். ஆனால் மெல்போர்ன் கப் 250 மி.லி. நியூ ஜெர்சி கப் 237க்கு ஒரு துளி குறைவு. உணவுப் பொட்டல லேபிளுக்காக அங்கே 240 என்று வட்டமாக்கி வைத்திருக்கிறார்கள். அம்மச்சியின் கப், அவர் வீட்டு டீ கிளாஸ். ரைஸ் குக்கரோடு இலவசமாக வருகிற 180 மி.லி. கப்பையும் சிலர் இந்த வேலைக்கு எடுக்கிறார்கள்.

இதில் எது சரி என்று தேடுவதற்கு முன், எப்போது அது பொருட்டே இல்லை என்று பார்த்துவிடலாம். வட்டையப்பம் போல, அரிசிமாவு, தேங்காய்ப்பால், சர்க்கரை எல்லாமே கப்பில் அளக்கிற பண்டம் என்றால், எந்தக் கப்பானாலும் ஒன்றுதான். விகிதம் மாறாது, அளவு கொஞ்சம் கூடும், குறையும், அவ்வளவே. சிக்கல் வருவது முட்டையிலும் வெண்ணெயிலும். மூன்று முட்டை என்றால் மூன்றுதான், கப் பெரிதானதற்காக முட்டையை இழுத்து நீட்ட முடியாது. வெண்ணெய் 100 கிராம் பொட்டலமாக வருகிறது. ஃபோர்ட் கொச்சியில் டச்சுக்காரர்கள் விட்டுப்போன ப்ரூடர் ரொட்டியை வீட்டில் செய்து பார்க்கிறவர்களுக்கு இது இன்னும் நன்றாகத் தெரியும்: ஈஸ்ட் மாவில் மைதா ஒரு பிடி கூடினால் மாவு இறுகி, உப்புவதற்கு அடம்பிடிக்கும்.

இன்னொன்று. 240க்கும் 250க்கும் உள்ள பேதத்தைவிடக் கப்பை நிரப்பும் விதத்தில் வரும் பேதம் பல மடங்கு பெரிது. மைதாவைக் கரண்டியால் அள்ளி மெதுவாகக் கப்பில் போட்டு, கத்தியின் முதுகால் வழித்தால் 120 முதல் 125 கிராம் நிற்கும். கப்பையே டப்பாவுக்குள் விட்டு வாரினால் 140. மேடையில் இரண்டு தட்டுத் தட்டி, அழுத்தி நிரப்பினால் 150ஐத் தொடும். இரண்டு கப்புக்கு 50 கிராம் என்றால் கிட்டத்தட்ட அரைக் கப் மைதா கள்ளத்தனமாக உள்ளே போய்விடுகிறது. மெல்போர்ன் கப்பையும் நியூ ஜெர்சி கப்பையும் மாற்றிப் போட்டிருந்தால் வந்திருக்கும் பிழை பதினைந்து கிராமைத் தாண்டாது. சர்க்கரை இவ்வளவு வம்பு செய்யாது. எப்படி அள்ளினாலும் கப்புக்கு 200 கிராமை ஒட்டியே இருக்கும்.

போஸ்டன் சமையல் பள்ளியின் ஃபேனி ஃபார்மர் 1896இல் எழுதிய புத்தகம்தான் தலைதட்டிய அளவை அமெரிக்க வீடுகளில் வழக்கமாக்கியது. படியில் நெல் அளந்த நமக்கு இது புதிய வித்தை இல்லை. தலைதட்டி ஒரு படிக்கும் குவித்து ஒரு படிக்கும் உள்ள தூரம் பாட்டிகளுக்குத் தெரியும். கேரளத்திலும் மங்கல வேளையில் நெல் நிரப்பிய அளவுப் பாத்திரமான நிறைபறை குவிந்து நிற்கும், வியாபாரப் பறை வேறு. மாவேலி மன்னன் ஆண்ட காலத்தின் நல்லவற்றுள் அளவில் ஏமாற்று இல்லாததையும் ஓணப் பாட்டு சேர்த்துச் சொல்கிறதே, அது சும்மா இல்லை.

ஆகவே என் யோசனை கொஞ்சம் முரணாகத் தோன்றும். கப் வாங்கக் கையில் பணம் எடுத்தால், முதலில் ஒரு டிஜிட்டல் தராசு வாங்குங்கள். ஒரு கிராம் துல்லியம், ஐந்து கிலோ வரை தாங்குவது போதும். மைதா, கோகோ, வெண்ணெய் மூன்றையும் அதில் நிறுத்துவிட்டால் பாதித் தலைவலி போயிற்று. அரைக் கிலோ, ஒரு கிலோ என்று கேக் விற்கிறவர்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: விற்பனைக்கு நிறுக்கும் தராசு, 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி முத்திரை பெற்றதாக இருக்க வேண்டும். சமையலறைத் தராசு அதற்கு ஆகாது.

அப்படியானால் கப் எதற்கு? குறிப்புகள் கப்பில் வருகிறவரை அதுவும் வேண்டும். தவிர, ஓணத்துக்கோ பெருநாளுக்கோ வீடு நிறைய ஆள் இருக்கும்போது, மாவுக் கையோடு தராசுப் பட்டனைத் தேடிக்கொண்டிருக்க யாருக்குப் பொறுமை?

தராசு இருந்தால் கப்பைச் சோதிப்பதும் எளிது. காலிக் கப்பைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு மி.லி. தண்ணீர் ஒரு கிராம். நம் ஊர்ச் சூட்டில் ஒரு கப்புக்கு ஒரு கிராம் குறையலாம், அதை விட்டுத்தள்ளுங்கள். விளிம்பைக் கண்மட்டத்தில் குனிந்து பார்க்க வேண்டும். கப் நிறைந்த பிறகும் தண்ணீர் சிந்தாமல் விளிம்புக்கு மேலே புடைத்து நிற்கும். அந்தப் புடைப்பில் மட்டும் பத்துக் கிராம் ஒளிந்திருக்கும். மேல்பரப்பு தட்டையாக இருக்கும் இடத்தில் நிறுத்தி எண்ணைப் பாருங்கள். 240 என்று எழுதிய கப்பில் 236 முதல் 244 வரை வந்தால் நான் ஏற்றுக்கொள்வேன். 225 வந்தால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான். ஒரு கப்போடு நிற்காமல், கால் கப்பால் நாலு முறையும் மூன்றில் ஒரு பங்குக் கப்பால் மூன்று முறையும் ஊற்றிப் பெரிய கப் சரியாக நிறைகிறதா என்றும் பாருங்கள். 250, 125, 80, 60 என்று அச்சிட்ட செட்டுகள் கண்ணில் படும். 60ஐ நாலால் பெருக்கினால் 240தான் வரும். பெரிய இரண்டும் 250 கணக்கு, சின்ன இரண்டும் 240 கணக்கு! இப்படிப்பட்ட செட்டைத் தொடாதீர்கள். கடையில் கேட்டால் 'எல்லாம் ஒண்ணு தன்னே சேச்சி' என்பார்கள். மி.லி. எண்ணே இல்லாமல் வெறும் 'ஒரு கப்' என்று மட்டும் போட்ட செட்டுக்கும் அதே விதி.

இனி எந்தப் பொருளில் வாங்குவது என்பது. மற்ற ஊருக்கு எழுதினால் இதை நாலு வரியில் முடித்திருப்பேன். வைப்பினுக்கு மேற்கே அரபிக்கடல், கிழக்கே காயல். காற்றில் உப்பு, பல வீடுகளில் கிணற்று நீரிலும் உப்பு. இங்கே ஸ்டீல் என்று சொன்னால் போதாது, எந்த ஸ்டீல் என்று கேட்க வேண்டும். 304 என்பது ஏறக்குறைய 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் கொண்டது. கடையில் பாதி விலைக்குக் கிடைப்பது பெரும்பாலும் 202. அதில் நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்திருப்பார்கள். உப்புக் காற்றில் அது சீக்கிரமே பழுப்புப் புள்ளி வைக்கும். கடைக்காரர் காந்தத்தைக் காட்டி 'பாருங்கள், ஒட்டவில்லை' என்று நிரூபிப்பது பாதி நிரூபணம்தான். பலமாக ஒட்டினால் பெரும்பாலும் நிக்கல் இல்லாத ரகம் என்று தெரியும். 304, 202 இரண்டிலுமே காந்தம் பலமாகப் பிடிக்காது. கப்பில் 304 என்றோ 18/8 என்றோ பொறித்திருக்கிறதா என்று பாருங்கள்.

அதைவிட முக்கியம், கைப்பிடி சேரும் இடம். துரு முதலில் வருவது அங்கேதான். கப்பையும் கைப்பிடியையும் இரண்டு புள்ளியில் வெல்டிங் வைத்து ஒட்டியிருந்தால், நடுவிலுள்ள மயிரிழை இடுக்கில் ஈரமும் உப்பும் தங்கிவிடும். ஒரே தகட்டில் அச்சடித்து, கைப்பிடியும் கப்பும் ஒன்றாக வந்த செட் கிடைத்தால் அதையே எடுங்கள். இல்லையென்றால் கழுவியதும் அந்த இடுக்கைத் துணியால் ஒற்றி எடுங்கள், நீண்ட நாள் வரும்.

பிளாஸ்டிக்கை அடியோடு ஒதுக்க மாட்டேன். துரு என்ற பேச்சே இல்லை, கீழே விழுந்தாலும் நெளியாது. (ஸ்டீல் கப் நெளிந்தால் அதன் கொள்ளளவு குறைந்துவிடும் என்பதைப் பலரும் மறந்துவிடுகிறோம்.) ஆனால் அளவு எண்ணை மை கொண்டு அச்சிட்டிருந்தால் கழுவிக் கழுவி ஒரு நாள் அழிந்துவிடும், எழுத்து அச்சிலேயே புடைத்து நிற்க வேண்டும். சூடான நெய்யை ஊற்றாதீர்கள், மொட்டைமாடி வெயிலில் காயப்போடாதீர்கள். மடங்குகிற சிலிகோன் கப் கத்தியால் வழிக்கும்போதே வளைந்து கொடுக்கும், வேண்டாம். பீங்கான் செட் அலமாரியில் வைக்க அழகு. அலுமினியம் லேசில் நெளியும்.

விளிம்பில் மூக்கு உள்ள கண்ணாடி ஜக் திரவத்துக்கு மட்டும்தான். அதில் கோடு விளிம்புக்குக் கீழே இருப்பதால் மாவைத் தலைதட்ட வழியே இல்லை. தட்ட வேண்டுமென்று குலுக்கினால் மாவு இறுகி, பழைய கதையே திரும்பும்.

கடையில் நிற்கும்போது கால் கப்பைக் காலியாக மேடையில் வையுங்கள். கைப்பிடி கனத்தில் பின்பக்கம் சாய்ந்தால், வீட்டில் எண்ணெயும் அப்படித்தான் கொட்டும். கைப்பிடி விளிம்போடு ஒரே மட்டத்தில் இருந்தால் கத்தி தடையில்லாமல் ஓடும். வைப்பினிலிருந்து 2023 முதல் வாட்டர் மெட்ரோ ஓடுகிறது. ஹைகோர்ட் ஜெட்டியில் இறங்கினால் பிராட்வே பாத்திரக் கடைகள் நடக்கும் தூரம். அங்கே கையில் எடுத்துப் பார்த்து வாங்குவது, ஆன்லைன் படத்தை நம்புவதைவிட மேல்.

ஜூன் பிறந்து மழை பிடித்தால் மைதா ஈரம் குடித்துக் கட்டிதட்டும். அப்போது முதலில் சலித்து, பிறகு நிறுத்துவிடுங்கள். மழைக்காலத்தில் கப்பை நம்புவது எனக்கு ஒத்துவரவில்லை.

ஸ்பூன் செட்டும் தனியாக வேண்டும். இரண்டு கிராம் ஈஸ்ட், முக்கால் டீஸ்பூன் பேக்கிங் பவுடர் இதெல்லாம் ஒரு கிராம் தராசுக்கு எட்டாது. டீஸ்பூன் எங்கும் 5 மி.லி.தான். டேபிள்ஸ்பூன் நமக்கு 15, மெல்போர்ன் நாத்தனாருக்கு 20. அவர் குறிப்பில் ஒரு டேபிள்ஸ்பூன் என்றால் நம் கணக்கில் நாலு டீஸ்பூன். வட்ட ஸ்பூன் பேக்கிங் பவுடர் டப்பாவின் வாயில் நுழையாது. நீளவாக்கில் ஒடுங்கிய செட்டைக் கேட்டு வாங்குங்கள்.