நிலமுடையார் செல்வர் ஆவரோ?

விவசாயிகள் உண்மையில் செல்வர்களா, கடனாளிகளா என்னும் வினா நெடுங்காலமாகப் பேசப்பட்டு வருவதாகும். பட்டணவாசி ஒருவர் ஐந்து ஏக்கர் நன்செயின் கிரயத்தை விசாரித்தறிந்து, அதனையுடைய குடியானவர் பெருந்தனவந்தர் என்று எண்ணுகிறார். விவசாய வருமானத்துக்கு வருமான வரி இல்லை, பம்பு செட்டுக்கு மின்கட்டணம் இல்லை, உரம் சகாய விலைக்குக் கிடைக்கிறது, கடனும் அவ்வப்போது தள்ளுபடியாகிறது என்றும் அவர் எடுத்துக் காட்டுகிறார். அந்தக் குடியானவரோ நடவுக்கு நகையை அடகு வைத்து, அறுவடைக்குப் பின் மீட்டு, மறுவருஷ நடவுக்கு அந்த நகையையே மீண்டும் வைக்கிறவராக இருக்கிறார். இவ்விருவரில் எவரும் பொய் சொல்லவில்லை. ஒருவர் ஆஸ்தியைக் காண்கிறார். மற்றவர் ரொக்கத்தைக் காண்கிறார். ஆஸ்தி, ஆதாயம், கையிருப்பு ஆகிய மூன்றையும் பிரித்து எழுதிப் பார்த்தாலன்றி இவ்வினாவுக்கு விடை கிடையாது.

காவிரிப் பாசனப் பகுதியில் சொந்தத்தில் 5 ஏக்கர் நன்செய் வைத்திருக்கும் ஒரு குடும்பத்தை உதாரணமாகக் கொள்ளலாம. இங்கே காட்டப்படும் விளைச்சலும் செலவும் கணக்கு விளங்குவதற்காக எடுத்துக்கொள்ளப்பட்டவை. அவரவர் தத்தம் வயலின் எண்களை இவற்றின் இடத்தில் இட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். சம்பா நெல் ஏக்கருக்கு 22 குவிண்டால் காண்கிறதென்றும், 2024-25ஆம் ஆண்டுக்கு மத்திய அரசு சாதாரண ரக நெல்லுக்கு நிர்ணயித்த ஆதரவு விலையாகிய குவிண்டாலுக்கு ரூ. 2,300 வீதம் விற்கிறதென்றும் கொண்டால், ஏக்கருக்கு வரவு ரூ. 50,600 ஆகும். உழவு, விதை, நாற்றங்கால், நடவுக் கூலி, உரம், பூச்சி மருந்து, களையெடுப்பு, அறுவடை இயந்திர வாடகை, வண்டிச் சத்தம் ஆகியவற்றுக்குக் கையிலிருந்து போவது ரூ. 32,000 எனில், நிற்பது ரூ. 18,600. ஐந்து ஏக்கருக்கும் ரூ. 93,000. நெற்பயிர் அறுவடைக்கு நிற்கும்போதே தெளிக்கும் உளுந்தில், செலவு போக ஏக்கருக்கு ரூ. 9,000 நின்றால் ரூ. 45,000. ஆக வருஷத்தின் ஆதாயம் ரூ. 1,38,000. இதில் குடும்பத்தார் உழைப்புக்குக் கூலி போடப்படவில்லை. வரப்பு வெட்டியதற்கும், நடு இரவில் மடை திருப்பப் போனதற்கும், களத்தில் காவல் கிடந்ததற்கும் கூலி கட்டினால் இத்தொகை இன்னும் சுருங்கும்.

இனி ஆஸ்தியைப் பார்ப்போமாயின், அந்நிலம் ஏக்கர் ரூ. 15 லட்சம் பெறுமென்று வைத்துக்கொண்டால் மொத்தம் ரூ. 75 லட்சம். ரூ. 75 லட்சத்துக்கு ரூ. 1,38,000 என்பது நூற்றுக்கு இரண்டு ரூபாய்க்கும் குறைவான வருவாயாகும். அதே தொகை நூற்றுக்கு ஆறு வீதம் வங்கியில் கிடந்தால் ரூ. 4,50,000 வட்டி தரும். நிலத்தின் கிரயத்தை உயர்த்துவது அதில் விளையும் நெல் அன்று என்பது இதனால் தெரியும். சாலை வருவதும், மனை பிரிப்பதும், வேறு தொழிலில் சம்பாதித்த பணம் நிலத்தைத் தேடி வருவதுமே அதனை உயர்த்துகின்றன. அந்த விலையைக் கையில் காண வேண்டுமானால் நிலத்தை விற்க வேண்டும். விற்ற அன்றே அவர் விவசாயி அல்லர்.

ஓரிரு குடும்பத்தின் நிலை மட்டும் இப்படி என்று கருதுவதற்கில்லை. தேசிய மாதிரி ஆய்வின் 77ஆம் சுற்றில் 2018-19 விவசாய ஆண்டுக்குக் கணக்கிட்டபோது, இந்தியாவில் ஒரு விவசாயக் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் ரூ. 10,218 என்று கண்டனர். அதில் பயிரிலிருந்து வந்தது ரூ. 3,798 மட்டுமே, கூலியும் சம்பளமுமாக வந்தது ரூ. 4,063. கால்நடையிலிருந்து ரூ. 1,582 வந்திருக்கிறது. அதே ஆய்வின்படி தமிழ்நாட்டு விவசாயக் குடும்பங்களில் நூற்றுக்கு 65 கடன்பட்டவை. குடும்பம் ஒன்றுக்குச் சராசரிக் கடன் ரூ. 1,06,553. பயிரைக் காட்டிலும் கூலி அதிகம் தருகிற இடத்தில், பட்டாவைக் கொண்டு மட்டும் செல்வத்தை மதிப்பிடுவது எவ்வாறு பொருந்தும்?

அரசின் மானியங்களை எடுத்துக்கொண்டால், அவற்றைக் கணக்கில் சேர்ப்பதில் ஒரு பிழை சாதாரணமாக நேர்கிறது. மானியங்கள் இருவகைப்படும். ஒருவகை, செலவு சீட்டிலேயே மறைந்து நிற்பது. வேம்பு பூசிய யூரியா 45 கிலோ மூட்டை ரூ. 266.50க்கு விற்கும்படி விலை வைக்கப்பட்டிருந்ததும், அதன் உண்மை அடக்கத்தின் மீதியை அரசு உரத் தொழிற்சாலைக்கும் இறக்குமதி செய்வோருக்கும் செலுத்துவதும் இவ்வகை. தமிழ்நாட்டில் 1990 முதல் எல்லா விவசாயப் பம்பு செட்டுகளுக்கும் அளிக்கப்பட்ட இலவச மின்சாரமும் இவ்வகையே. மேலே சாகுபடிச் செலவு ரூ. 32,000 என்று எழுதியபோதே இச்சகாயம் கழிந்துவிட்டது. அதனை மறுபடியும் வரவில் எழுதினால் ஒரே ரூபாயை இருமுறை எண்ணியதாகும். மற்றொரு வகை, கையில் ரொக்கமாக வருவது. 2019இல் தொடங்கிய பிரதம மந்திரி கிசான் திட்டத்தில் வருஷத்துக்கு ரூ. 6,000 மூன்று தவணையாக வருகிறது. இதனைத் தாராளமாக வரவில் எழுதலாம். ஆயினும் 5 ஏக்கருக்குப் பங்கிட்டால் ஏக்கருக்கு ரூ. 1,200, அறுபது கிலோ மூட்டை ஒன்றின் விலைக்கும் குறைவு. மேலும், மறைந்து நிற்கும் மானியம் நிலத்தின் அளவையும் மோட்டாரின் குதிரைச் சக்தியையும் பின்பற்றிச் செல்வதால், அதிக நிலமுடையவருக்கு அதிகமாகவும், கிணறு இல்லாத மானாவாரிக் குடியானவருக்கு மிகக் குறைவாகவும் போய்ச் சேர்கிறது. உதவி வேண்டியவரிடம் உதவி குறைவாகவே சேர்கிறதென்பது ஒப்புக்கொள்ள வேண்டிய விஷயம்.

இப்போது வரவு ரூ. 1,44,000. இக்குடும்பத்துக்கு மூன்று கடன்கள் இருப்பதாகக் கொள்வோம். கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் ரூ. 1,50,000, நகைக்கடன் ரூ. 2,00,000, வட்டி நூற்றுக்கு 9. மகள் கலியாணத்துக்கு வாங்கிய கைக்கடன் ரூ. 1,00,000, மாதம் நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டி. பயிர்க்கடன் சாகுபடிச் செலவாகவே போய் அறுவடைப் பணத்தில் திரும்புவது. தவணைக்குள் கட்டினால் தமிழ்நாட்டுச் சங்கங்களில் குடியானவருக்கு வட்டியும் இல்லை. இக்கடனுக்கு அஞ்ச வேண்டுவதில்லை. மற்ற இரண்டின் வட்டி ரூ. 18,000மும் ரூ. 24,000மும் சேர்ந்து ரூ. 42,000. கைக்கடன் நகைக்கடனில் பாதித் தொகையாயிருந்தும் அதற்கு வட்டி கூடுதலாயிருப்பதைக் கவனிக்க. வட்டி போக நிற்பது ரூ. 1,02,000; மாதத்துக்கு ரூ. 8,500. இதில் உண்டு, உடுத்து, பிள்ளைகளைப் படிக்கவைத்து, பிறகே அசலைக் குறைக்க வேண்டும்.

இவ்விரு கடன்களின் அசல் ரூ. 3 லட்சம். நிலத்தின் கிரயத்தோடு ஒப்பிட்டால் நூற்றில் நான்கு பங்கு. கடன் கொடுப்பவர் இதனைப் பார்த்தே தயங்காமல் கொடுக்கிறார். ஆதாயத்தோடு ஒப்பிட்டாலோ இரண்டு வருஷத்து முழு வரவுக்கும் மேல். வாங்குகிறவர் பார்க்க வேண்டியது இந்தக் கணக்கையே. நிலம் இருக்கிறதென்ற தைரியத்தில் வாங்கிய கடன் நிலத்தை விற்றே தீர்கிற கதை ஊருக்கு ஊர் உண்டு.

நஷ்ட வருஷத்தில் என்ன நேருமென்பது இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கது. வடகிழக்குப் பருவமழை மிகுந்தோ, கடைமடைக்குத் தண்ணீர் எட்டாமலோ விளைச்சலில் நாலில் ஒரு பங்கு குறைந்து 16½ குவிண்டால் கண்டதென்றால், வரவு ரூ. 37,950. செலவோ முன்னமே வயலில் போட்டாகிவிட்டது, அது குறையாது. ஏக்கருக்கு நிற்பது ரூ. 5,950. விளைச்சல் காற்பங்கு குறைய, மிச்சம் மூன்றில் இரு பங்கு போய்விட்டது. உளுந்து முழுதும் கிடைத்ததாகவே கொண்டாலும், வட்டி கட்டியபின் குடும்பத்துக்கு வருஷம் முழுவதற்கும் ரூ. 38,750 மிஞ்சும். அந்த வருஷத்தில் வீட்டுச் செலவுக்காக ஒரு புதுக் கைக்கடன் பிறக்கிறது. மறுவருஷம் நல்ல விளைச்சல் வந்தாலும் அதற்கு வட்டி உண்டு. விவசாயக் கடன் வளரும் வழி பெரும்பாலும் இதுவே. ஊதாரித்தனம் என்று பிறர் பழிப்பது எல்லோருக்கும் பொருந்தாது.

விலை வீழ்ந்தாலும் இதே துன்பந்தான். 1929க்குப் பின் உலகெங்கும் ஏற்பட்ட விலை வீழ்ச்சியில் சென்னை மாகாணத்தில் நெல் விலை ஏறக்குறையப் பாதியாயிற்று. பத்திரத்தில் எழுதிய ரூபாய் மாறவில்லை. கிஸ்தியும் ரூபாயிலேயே இருந்தது. முன்பு நூறு மூட்டை விற்றுத் தீர்க்கக்கூடிய கடனுக்கு இருநூறு மூட்டை வேண்டியதாயிற்று. 1930இல் மாகாண வங்கி விசாரணைக் குழுவார் மாகாணத்தின் விவசாயக் கடன் சுமார் ரூ. 150 கோடி என மதிப்பிட்டனர். இரண்டாம் உலக யுத்த காலத்தில் தானிய விலை ஏறியபோது, விற்பதற்கு நெல் வைத்திருந்த பெரிய நிலக்காரர்கள் கடனைக் குறைத்துக்கொண்டார்கள். விற்க ஒன்றுமில்லாத கூலியாட்களுக்கு அந்த விலையேற்றமே பாரமாயிற்று. ஆகையால் கடனை ரூபாயில் மட்டும் எழுதாமல், இன்றைய விலைக்கு எத்தனை மூட்டை என்றும் பக்கத்தில் குறித்து வைப்பது நலம்.

கடன் நிவாரணம் பற்றியும் சிறிது அறிய வேண்டும். 1938ஆம் ஆண்டின் சென்னை விவசாயிகள் நிவாரணச் சட்டம், 1932 அக்டோபர் 1ஆம் தேதிக்கு முந்திய கடன்களில் 1937 அக்டோபர் 1இல் நின்ற வட்டி பாக்கியைத் தள்ளியது. அசலில் இருமடங்கு செலுத்தியாகியிருந்தால் கடனே தீர்ந்ததென்று விதித்தது. அச்சட்டம் லேவாதேவிக்காரரின் கடன்மேல் கைவைத்தது. கூட்டுறவுச் சங்கக் கடனுக்கு அது பொருந்தாது. 2021இல் தமிழ்நாட்டில் அறிவிக்கப்பட்ட தள்ளுபடி இதற்கு நேர்மாறானது. 16.43 லட்சம் விவசாயிகளின் ரூ. 12,110 கோடி பயிர்க்கடன் தள்ளுபடியாயிற்று. அது கூட்டுறவுக் கடனுக்கே உரியது. உதாரணக் குடும்பத்தை எடுத்துக்கொண்டால், வட்டியில்லாத கடன் தீர்ந்து, மாதம் இரண்டு ரூபாய் வட்டிக் கடன் அப்படியே நின்றிருக்கும். தவணை தவறாமல் முன்னமே கட்டியவருக்கு ஒன்றுமில்லை. தள்ளுபடியால் அவ்வருஷத்துச் சுமை இறங்கினது மெய். கடன் பிறக்கும் வழி அடைபடவில்லை.

கடன் வாங்குமுன் அது எத்தனை வருஷத்தில் பலன் தருமென்று பார்த்து, தவணையை அதற்கேற்ப அமைத்துக்கொள்ள வேண்டும். விதையும் உரமும் ஒரு போகத்தில் திரும்பும். ஆழ்குழாய்க் கிணறு பல வருஷம் பலன் தருவது. அதற்கு ஒரு வருஷத்துக் கைக்கடன் வாங்கினவர், கிணற்றில் நல்ல நீர் கண்டும் கடனில் மூழ்குகிறார். நீர் காணாவிட்டால் சொல்லவே வேண்டுவதில்லை. நீண்ட தவணைக் கடனுக்கென்றே 1929இல் சென்னையில் மத்திய நில அடமான வங்கி ஏற்பட்டது. கலியாணமும் வைத்தியமும் வயலில் பலன் தருவன அல்ல. வைத்தியச் செலவைத் தவிர்க்க முடியாது. கலியாணச் செலவைப் பற்றி ஒவ்வொரு குடும்பமும் மேற்கண்ட மூட்டைக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்துத் தீர்மானிக்கலாம்.

குத்தகைக்குப் பயிரிடுவோர் நிலை இவை எல்லாவற்றிலும் கடினமானது. மேற்சொன்ன வயலுக்கு ஏக்கருக்கு 9 மூட்டை குத்தகை அளப்பவருக்கு, நல்ல வருஷத்தில் ரூ. 12,420 போய் நெல்லில் நிற்பது ரூ. 6,180. விளைச்சல் காற்பங்கு குறைந்த வருஷத்தில், குத்தகையைத் தள்ளிக்கொடுக்காவிட்டால் ரூ. 6,470 கைநஷ்டம். இவருக்கு ஆஸ்தியென்று நிலம் இல்லை. பிரதம மந்திரி கிசான் தொகையும் பட்டாதாரருக்கே செல்லும். பயிர்க்கடனுக்கும் வெள்ள நிவாரணத்துக்கும் அடங்கலில் பெயர் வேண்டும். குத்தகைதாரர் பெயரை எழுதினால் உரிமை கோருவாரோ என்று நிலக்காரர் அஞ்சுவதும், 1969ஆம் ஆண்டின் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் இருந்தும் பலர் பதியாமலிருப்பதும் தெரிந்தவையே. ஆகவே கிராம நிர்வாக அலுவலர்கள் அடங்கல் எழுதும்போது வீட்டுத் திண்ணையிலிருந்து எழுதாமல், வயலுக்குச் சென்று நடவு செய்கிறவர் யார், எந்த ரகம், எத்தனை சென்ட் என்று கேட்டெழுதுதல் வேண்டும். சம்பா நடவு முடிந்து கார்த்திகை மழை வலுக்குமுன் இதனைச் செய்து முடிக்கலாம். வயலில் தண்ணீர் நின்ற பிறகு வந்து பெயரைச் சேர்க்கச் சொல்லும் குடியானவருக்கு அலுவலர் பதில் சொல்ல முடியாமல் போவதை அந்த ஒரு வாரத்து அலைச்சல் தவிர்க்கும்.