ராயக்கோட்டைத் தக்காளிமேல் ஒரு வீண்பழி

ராயக்கோட்டைச் சந்தையில் லாரி ஏறும் தக்காளிக்குத் தோல் தடிமன். சென்னை போய்ச் சேர்ந்தாலும் எளிதில் நசுங்காது. அதனாலேயே அதன்மேல் ஒரு பழி: ‘மீனோட ஜீனைச் சேர்த்திருக்காங்க, அதான் அழுகல!’

இந்தக் கதைக்கு ஒரு மூலம் உண்டு. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்க நிறுவனம் ஒன்று, உறைபனியைத் தாங்கும் தக்காளிக்காகக் குளிர்கடல் மீனின் மரபணுவைச் சேர்த்துச் சோதித்தது. அந்தத் தக்காளி கடைக்கே வரவில்லை. ராயக்கோட்டையில் விளைவது வீரிய ஒட்டு ரகம். இருவேறு தக்காளிச் செடிகளை மகரந்தம் மாற்றிக் கலந்து பெற்ற விதை. பெங்களூரு ஹெசரகட்டாவிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் ‘அர்கா ரக்‌ஷக்’ இப்படி உருவானதுதான். இலைச்சுருள், வாடல், கருகல் மூன்றையும் அது தாங்குகிறது. இந்தியாவில் வணிகச் சாகுபடிக்கு வந்த மரபணு மாற்றப் பயிர் 2002இல் அனுமதி பெற்ற பி.டி. பருத்தி ஒன்றே. பி.டி. கத்தரி 2010 பிப்ரவரியில் நிறுத்திவைக்கப்பட்டது.

அடுத்த அச்சம், குளோனிங். 1996இல் ஸ்காட்லாந்தில் டாலி என்ற ஆடு பிறந்ததோடுதான் அது தொடங்கியது என்று பலர் நினைக்கிறார்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சந்தூரில் வந்து பார்க்கட்டும். அங்குள்ள நாற்றங்கால்களில் கட்டப்படும் ஒவ்வொரு மாவொட்டும் தாய்மரத்தின் குளோன்தான். மாங்கொட்டையை நட்டால் அதே சுவை வரும் என்று சொல்ல முடியாது. ஒட்டுக் கட்டினால் பெங்களூரா மா பெங்களூராவாகவே காய்க்கும். திசு வாழையும் இதே வழிதான், ஆய்வுக்கூடத்தில் நடக்கிறது, அவ்வளவே. டாலியின் சிறப்பு வேறு: வளர்ந்த ஆட்டின் உடல் செல்லிலிருந்து பிறந்த முதல் பாலூட்டி அது.

குளோன்களில் அஞ்ச வேண்டியது ஒன்று உண்டு. எல்லாம் ஒரே வார்ப்பு என்பதால் ஒரு நோய் வந்தால் எல்லாவற்றையும் தாக்கும். ரகங்களின் பன்மை காக்கப்பட வேண்டும் என்பது அதனால்தான். ஓசூரிலுள்ள மத்தியப் பட்டு மரபுவளப் பாதுகாப்பு மையம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மல்பெரி மாதிரிகளைக் காத்துவருகிறது. இந்த ஊரின் ஆலைகளைப் போல இதுவும் நாலுபேருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மரபணு மாற்றம் என்றாலே நஞ்சு என்பவர் வீட்டிலும் சர்க்கரை நோயாளி இருக்கக்கூடும். ஓசூர் சாலையில் எலக்ட்ரானிக் சிட்டியிலிருக்கும் பயோகான், 2004இல் விற்பனைக்குக் கொண்டுவந்த இன்சுலினை மனித மரபணு சேர்த்த ஈஸ்ட்டிலிருந்து எடுக்கிறது. முன்பு பன்றி, மாட்டுக் கணையங்களிலிருந்து எடுத்தார்கள்.

உண்மையில் பணம் பறிபோகும் இடம் ஸ்டெம் செல் சிகிச்சை. ஆட்டிசம், மூட்டுத் தேய்மானம், சர்க்கரை எல்லாம் தீரும் என்று விளம்பரங்கள் வருகின்றன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதல் இரத்த நோய்களுக்கான ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சையை மட்டுமே ஏற்கிறது. மற்றவை ஆய்வு நிலையில் உள்ளன. ஸ்டெம் செல் உள்ள தொப்புள்கொடி இரத்தத்தைத் தனியார் வங்கியில் சேமித்தால் பிள்ளைக்குக் காப்பீடு என்பதும் அப்படியொரு விளம்பரம்தான். தலசீமியா போன்ற பரம்பரை நோய் வந்தால், அந்த இரத்தத்திலும் அதே பழுது இருக்கும். பிள்ளைக்கு அது உதவாது.

மாற்றுச் சிகிச்சைக்கு வேலூர் சி.எம்.சி. பக்கத்திலேயே இருக்கிறது. வேறெங்கேனும் ஸ்டெம் செல் ஊசி என்றால், இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் அதன் எண் என்ன என்று கேளுங்கள். சோதனை என்று சொல்லிவிட்டுக் கட்டணமும் கேட்டால், கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்துவிடுங்கள்.