செத்த ஆமையும் ஒரு சாட்சி

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. போன ஆண்டு தனுஷ்கோடிக் கரையில் அள்ளிய வெள்ளை பிளாஸ்டிக் குருணைகளை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைத்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். கடைசியில் கோபமாக ஒரு கேள்வி: "கடல் கெட்ட பிறகு கோர்ட்டுக்குப் போய் என்ன ஆகப்போகிறது? கப்பல்காரன் எங்கோ இருக்கிறான். செத்த ஆமை எழுந்து வருமா?"

வராது. பணமும் வராமல் போகலாம். இருந்தும் வழக்குப் போடத்தான் வேண்டும் என்கிறேன். ஏன் என்று சொல்ல, நமக்குப் பக்கத்துக் கடலில் நடந்த ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன்.

2021 மே 20. கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டிருந்த எக்ஸ்-பிரஸ் பேர்ல் என்ற சிங்கப்பூர்க் கொடிக் கப்பலில் தீப்பற்றியது. கட்டி முடித்துச் சில மாதங்களே ஆன கப்பல். 1,486 கொள்கலன்கள்; அவற்றுள் 25 டன் நைட்ரிக் அமிலம். அமிலப் பெட்டி ஒன்று ஒழுகுவது கொழும்புக்கு வரும் முன்பே தெரிந்திருந்தது. கத்தாரின் ஹமாத் துறைமுகமும் குஜராத்தின் ஹசீரா துறைமுகமும் அதை இறக்கிக்கொள்ள மறுத்துவிட்டன. நாள்கணக்கில் எரிந்த கப்பல், ஜூன் 2 அன்று மூழ்கத் தொடங்கியது. ஏறத்தாழ 1,680 டன் பிளாஸ்டிக் குருணைகள் அதில் இருந்தன. நீர்கொழும்புக் கரையில் அவை பனிபோல் குவிந்தன. மீனவர்கள் கடலுக்குப் போகக்கூடாது என்று தடை வந்தது. 417 ஆமைகள், 48 ஓங்கில்கள், 8 திமிங்கிலங்கள் செத்து ஒதுங்கின என்பது பின்னர் இலங்கை உச்ச நீதிமன்றம் குறிப்பிட்ட கணக்கு.

இதற்கு இழப்பீடு கேட்க ஒரு கதவல்ல, பல கதவுகள் இருந்தன. ஒன்று லண்டன். கப்பல் விபத்துகளில் உரிமையாளரின் பொறுப்புக்கு ஓர் உச்சவரம்பு கட்டும் பன்னாட்டு உடன்படிக்கை 1976-லிருந்து இருக்கிறது. அந்த வரம்பைக் கணக்கிடுவது கப்பலின் கொள்ளளவை வைத்து. கடலுக்கு என்ன கேடு நேர்ந்தது என்பதை வைத்து அல்ல. ஆமை ஒன்று செத்தாலும் ஆயிரம் செத்தாலும் வரம்பு அதேதான். அப்படிப் பார்த்து 2023-ல் லண்டன் நீதிமன்றம் கட்டிய வரம்பு 1.9 கோடி பவுண்டு.

இன்னொன்று கொழும்பு. சூழல் அமைப்பினரும் மீனவர்களும் கத்தோலிக்கப் பேராயர் கர்தினால் மெல்கம் ரஞ்சித்தும் அடிப்படை உரிமை மீறப்பட்டதென்று உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2025 ஜூலை 24 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்புச் சொன்னது: கப்பல் நிறுவனம் 100 கோடி டாலர் செலுத்த வேண்டும். அரசுத் தரப்பில் கடமை தவறியவர்களையும் அது விட்டுவைக்கவில்லை.

அந்தத் தீர்ப்பின் அடியில் இருப்பது எளிய கொள்கை: கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும். இது நமக்குப் புதிதல்ல. தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றுப் படுகையை நாசமாக்கியபோது வேலூர்க் குடிமக்கள் தொடுத்த வழக்கில், 1996-ல் இந்திய உச்ச நீதிமன்றம் இதை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்றது. யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் மின்நிலையத்தின் எண்ணெய்க் கழிவு கிணறுகளில் கலந்தபோது, 2019-ல் இலங்கை உச்ச நீதிமன்றம் இதே கொள்கையைச் சொல்லி, அந்த நிறுவனம் 2 கோடி ரூபாய் கட்ட வேண்டும் என்றது. குடிநீர்க் கிணற்றுக்காகச் சண்டை போட்டவர்கள் போட்ட பாதையில்தான் இன்று ஆமைக்கும் வழக்கு நடக்கிறது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். பணம் வந்ததா? எக்ஸ்-பிரஸ் பேர்ல் வழக்கில் முதல் தவணையாக 25 கோடி டாலரை 2025 செப்டம்பர் 23-க்குள் கட்டச் சொல்லியிருந்தது நீதிமன்றம். கட்டமாட்டோம் என்று கப்பல் நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி அந்த மாதமே வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். பொறுப்புக்கு வரம்பு இல்லையென்றால் கப்பல் தொழிலே நடக்காது என்பது அவர் வாதம். ஆக, உங்கள் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது.

ஆனால் கப்பல் என்பது ஓடிக்கொண்டே இருக்கும் சொத்து. எங்காவது ஒரு துறைமுகத்துக்கு அது வந்துதான் ஆக வேண்டும். உங்கள் பாட்டிலில் இருக்கும் குருணையையே பாருங்கள். 2025 மே 25 அன்று கேரளக் கடலில் எம்.எஸ்.சி. எல்சா 3 மூழ்கிய பிறகுதான் கன்னியாகுமரியிலிருந்து தனுஷ்கோடி வரை அவை ஒதுங்கின. கேரள அரசு 9,531 கோடி ரூபாய் கேட்டு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. மூழ்கிய கப்பலின் குழுமத்தைச் சேர்ந்த இன்னொரு கப்பல் விழிஞ்ஞம் துறைமுகத்தில் நின்றது. அதைப் பிடித்து வைக்க நீதிமன்றம் உத்தரவிட்டது. அதை விடுவிக்கக் கட்ட வேண்டிய பிணைத் தொகை பின்னர் 1,227.62 கோடியாகக் குறைந்தது என்பது வேறு கதை. மூழ்கிய கப்பலின் கடனுக்கு மிதக்கும் கப்பலை மறிக்கலாம் என்பதுதான் இதில் நாம் கற்க வேண்டியது.

இதற்கெல்லாம் ஆதாரம் வேண்டும். எதிர்த்தரப்பு வக்கீல் சும்மா இருக்கமாட்டார். "இந்த ஆமை வலையில் மாட்டிச் செத்திருக்கலாமே? கடல் கொந்தளிக்கும் மாதத்தில் ஆமை ஒதுங்குவது புதிதா? கப்பல் மூழ்கும் முன் வருடத்துக்கு எத்தனை ஒதுங்கின?" என்று கேட்பார். பதில் நம்மிடம் இருக்கிறதா? நாற்றம் தாங்காமல் அன்றைக்கே குழி தோண்டிப் புதைத்துவிடுகிறோம். அத்தோடு சாட்சியும் மண்ணுக்குள் போய்விடுகிறது.

சென்னைக் கரையில் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர் 1988-லிருந்து பங்குனி ஆமைகளுக்காக இரவில் நடக்கிறார்கள். எங்கே முட்டையிட்டது, எங்கே செத்துக் கிடந்தது என்று குறித்துவைக்கிறார்கள். இப்படிப்பட்ட நோட்டுப் புத்தகம் இருந்தால்தான் "முன்பு எத்தனை, இப்போது எத்தனை" என்று ஒரு நீதிபதியிடம் சொல்ல முடியும். உங்கள் கரையில் அப்படி எழுதிவைப்பவர் யார்?

நீங்களே தொடங்கலாம். ஆமை ஒதுங்கினால் தொட்டுத் தூக்க வேண்டாம். வன உயிரினச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் உயிர் அது. இடம் தெரியும்படி படம் எடுங்கள். தேதி, நேரம், ஓட்டின் நீளம், வெளிக்காயம் இருந்தால் அது, எல்லாவற்றையும் எழுதுங்கள். வனத்துறைக்கு மனுக் கொடுத்து, புதைக்கும் முன் உடற்கூறாய்வு செய்யச் சொல்லிக் கேளுங்கள். வயிற்றில் என்ன இருந்தது என்பதை எழுத்தில் வாங்குங்கள். மனுவின் நகலைப் பத்திரப்படுத்துங்கள். இதற்குச் சட்டப் படிப்பு வேண்டாம்.

அந்தப் பாட்டிலைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அள்ளிய நாளையும் இடத்தையும் ஒரு காகிதத்தில் எழுதி, இன்றைக்கே அதன்மேல் ஒட்டிவையுங்கள்.

அன்புடன்,
உங்கள் நண்பன்