பவளப் பாறைகள்

மாணவர்களே! கடலுக்கடியில் மதில் எழுப்பும் கொத்தர்களை நீங்கள் அறிவீர்களா? அவர்கள் மனிதர் அல்லர், பவளப் பூச்சிகள். பெயரால் பூச்சியெனினும், இவை சொறிமீனுக்கு உறவான சிற்றுயிர்கள். கடல்நீரிலுள்ள சுண்ணச் சத்தைக் கொண்டு இவை தமக்குக் கூடு அமைத்துக்கொள்கின்றன. ஓர் உயிர் மடிய, அதன் கூட்டின்மேல் மற்றொன்று கூடு கட்டும். இங்ஙனம் பல்லாயிரம் ஆண்டுகளில் எழுவதே பவளப் பாறை. அது மீன்களுக்கு இல்லம். கரைக்கு அலைதாங்கும் அரண்.

தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்திற்கும் இடையே, மன்னார் வளைகுடாவில், இப்பாறைகள் சூழ்ந்த தீவுகள் 21 இருந்தன. சுண்ணாம்பு சுடவும் கட்டடம் எழுப்பவும் மக்கள் அப்பாறைகளைப் பெயர்த்தெடுத்தனர். அரண் தளர்ந்தது, அலைகள் மணலை அரித்தன, கடல்மட்டமும் உயர்ந்தது. பூவரசன்பட்டித் தீவும் மற்றொரு தீவும் நீருள் மறைந்தன.

1986ஆம் ஆண்டில் அரசு இப்பகுதியைக் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தது. 2001ஆம் ஆண்டு முதல் பவளப் பாறையை வெட்டுவது சட்டப்படி குற்றம். ஆயினும், இழந்ததை எளிதில் மீட்க இயலுமோ? பாறைபோல் திரண்ட பவள இனங்கள் ஆண்டிற்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டரே வளரும். கடப்பாரை ஒரு நாழிகையில் உடைப்பதைக் கட்டி முடிக்க, அச்சிற்றுயிர்களுக்கு ஒரு நூற்றாண்டு வேண்டும். இதனை உணர்ந்து, எஞ்சிய தீவுகளைக் காத்தல் நம் கடன்.